முனியாண்டி கோயில் வளைவில் இரண்டாவது கியர்

மலேசியாவில் தம்பின் டவுனுக்குப் போகும் எஸ்டேட் சாலையில், எண்ணெய்ச் செம்பனைகளுக்கு நடுவே ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. அந்த வளைவில் எல்லா வண்டியும் வேகத்தைக் குறைத்து, ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகும். நான் மட்டும் அடிப்பதில்லை. என் ரோட்டில் நான் போக யாரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும்?

ஆனால் என் பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் அங்கே தானாகவே கியரை இறக்கிக்கொள்ளும். மேடும் கிடையாது, பிரேக்கில் காலும் இருக்காது. எஞ்சின் ஒரு முறை முனகும். கோயிலைத் தாண்டியதும் பழையபடி ஓடும்.

"ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போச்சுக்கா. மேனுவலா மாத்திடுங்க லா. ஜப்பான்ல இருந்து வந்த பழைய மேனுவல் கியர்பாக்ஸ் ஒண்ணு இருக்கு," என்றான் பக்கத்து ஊர் சுங்கை காடுட்டில் இருக்கும் மெக்கானிக்.

நல்ல வண்டியின் வயிற்றைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் மேனுவல் என்றால் நான் போட்டால்தான் கியர் விழும். அந்த நினைப்பே இனித்தது.

முடிவெடுக்குமுன் நான் ஓட்டிப் பார்க்கட்டும் என்று, ஒரு மத்தியானம் அதே மாதிரி மேனுவல் கார் ஒன்றைக் கொண்டுவந்தான். அவன் பக்கத்தில் உட்கார, நான் ஓட்டினேன். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. நாலாவது கியரில் வளைவை நெருங்கினோம். வழக்கம்போல் நான் ஹாரன் அடிக்கவில்லை.

எஞ்சின் முனகியது. வண்டி தளர்ந்தது.

"ஏன்க்கா திடீர்னு ரெண்டாவதுக்கு இறக்குனீங்க?" என்றான், கைகளை மடியில் வைத்துக்கொண்டு.

என் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன.