பென்சிலில் எழுதியிருந்த பெயர்

செய்தியை அப்பாதான் கொண்டுவந்தார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு கூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு, "நம்ம ஆரோக்கியம் போயிட்டாம்மா" என்றார். மஞ்சள்காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு அந்த 'நம்ம'தான் முதலில் காதில் விழுந்தது. இறப்பு அதற்குப் பிறகுதான் உறைத்தது. இப்படி எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஆரோக்கியம் அக்காவின் தம்பி அந்தோணி வந்து, "அக்காவைப் பத்தி எழுதித் தாங்க, முப்பதாம் நாள் பூசைக்கு வர்றவங்களுக்குக் குடுக்கணும், நீங்கதான் படிச்சவங்க" என்று கேட்டபோது, எழுதினால் உள்ளதைத்தான் எழுதுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

உங்களில் பலருக்கு அவர் பீங்கான் கம்பெனி ஆரோக்கியமேரி. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரப் பிசிறை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, துடைத்த பொம்மையிடமே நலம் விசாரிப்பவர். எனக்கு அவர், நான் தேடிய வம்சத்தையே தேடியவர். என்னைவிட நன்றாகத் தேடியவர்.

நான் தேடத் தொடங்கியது தாத்தாவின் கருமாதியன்று. மணிமுத்தாற்றங்கரையில் ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். அப்பா இரண்டு சொன்னார். தாத்தாவின் தாத்தா பெயர் அவருக்குத் தெரியவில்லை. "தெரியலன்னா பரவால்ல, பொதுவாச் சொல்லிடுங்க" என்றார் ஐயர். உள்ளங்கைத் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து தீரும்வரை அப்பா தலையைத் தூக்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். அந்தப் பெயரை அப்பாவுக்கு நான்தான் கொண்டுவந்து தரவேண்டும் என்று அன்று நினைத்தேன்.

கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் ஒருவர் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவராகிவிட்டார் என்று எங்கள் வீட்டில் பேச்சு உண்டு. அப்படியானால் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் அவருடைய அப்பா பெயரை எழுதியிருப்பார்களே என்று எனக்குத் தோன்றியது. இரண்டு ஞாயிறு மாதாகோயில் கேட்டு வரைக்கும் போய், உள்ளே நுழையத் தைரியம் இல்லாமல் திரும்பினேன். மூன்றாம் ஞாயிறு முக்காடு போட்ட ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"மூணு வாரமா கேட்டையே பாக்கறீங்க. பெயிண்ட் அடிக்கிறாப்பல யோசனையா?"

நான் வந்த காரணத்தைத் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் முக்காட்டைத் தள்ளிவிட்டுக்கொண்டு சிரித்தார். "வேதத்துல சேந்த அந்த ஆளு எங்க பூட்டன். அவரோட ஆளுங்களைத்தான் நானும் தேடிக்கிட்டு இருக்கேன். அப்ப நீங்க எனக்குத் தங்கச்சி." என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து என் பெயர் 'பி.ஏ.' ஆயிற்று. என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் கடைசிவரை 'நீங்க'தான். ஏன் என்று கேட்டால், "படிச்சவங்களை நீ வா போன்னா நாக்கு அழுகிடும்" என்பார்.

இருவருமாகக் கம்மாபுரத்துக்கு ஒரு பெரியப்பாவைப் பார்க்கப் போனோம். சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். நான் நோட்டைத் திறந்து, "உங்க தாத்தா கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க?" என்று கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நஷ்டஈட்டுல பங்கு கேட்டு வந்திருக்கியா? எந்த வக்கீல் அனுப்பிச்சான்?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அக்கா எழுந்துகொண்டார். "வாங்க பி.ஏ., போலாம். பெரியப்பாவுக்கு என்ன தெரியும்? அவங்க தாத்தா ஒத்தைப் புள்ளை. அதுவும் பெண்ணாடத்துலேர்ந்து பொழைக்க வந்த ஆளு."

"எவன் சொன்னான்? மூணு பேரு அவங்க. பெண்ணாடமாம். உக்காரு, சொல்றேன்."

வெயில் சாயும்வரை சொன்னார். மோர் வந்தது, பிறகு சோறும் வந்தது. கிளம்பும்போது அவர் அக்காவைத்தான் "மறுபடி வாம்மா" என்றார். பஸ்ஸில் அக்கா சொன்னது இது: "கேட்டா வாயை மூடிக்குவாங்க பி.ஏ. தப்பாச் சொல்லணும். தப்பைக் கேட்டுட்டு ஒரு சொந்தக்காரனால சும்மா இருக்கவே முடியாது." அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதுவதை அவர் பார்த்துவிடாதபடி முழங்கையால் மறைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து ஒரு மாலை டைப்ரைட்டிங் கிளாஸ் முடிந்து வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டு நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் டம்ளரில் அம்மா காபி கொடுத்திருந்தார். "கேட்டியாம்மா, ஆரோக்கியம் கண்டுபுடிச்சிட்டா. முத்துவேலு. அவரு பேரு முத்துவேலு" என்றார் அப்பா. ஞானஸ்நானப் புத்தகத்தில் இருந்திருக்கிறது. "பி.ஏ. சொல்லித்தான் பாத்தேன் பெரியப்பா" என்று அக்கா சொன்னார். அது உண்மை. ஆனால் அப்பா காதில் அது ஏறவில்லை. அவர் அந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் "நல்லதுக்கா" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக் குழாயடிக்குப் போனேன். கால் கழுவ அவ்வளவு நேரம் தேவைப்படாது. அடுத்த அமாவாசைக்கு அப்பா மூன்று பெயரையும் நிமிர்ந்து நின்று சொன்னார். நான் பார்க்கவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. "அப்பன் பேரு இருக்குது. அம்மா பேரு எழுதற எடத்துல கோடு போட்டிருக்காங்க. பெத்தவளுக்கு ஒரு கோடா பி.ஏ.?" போகிற இடமெல்லாம் இதையே கேட்டார்.

அந்தப் பெயர் எனக்குக் கிடைத்தது. சேத்தியாத்தோப்பு பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் முருகேசன் சித்தப்பா எங்கள் பங்காளி. கல்யாணத்துக்கு முன்னால் வம்சத்து மூத்தவளுக்குச் சேலை வைத்துப் படைக்கும்போது எங்கள் வீட்டில் 'பூவாடைக்காரி' என்று மட்டும்தான் சொல்வோம். அவர்கள் வீட்டில் அந்த முன்னோரைப் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டுத் தனியாகப் போனேன். டீயைக் குடித்துவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாக வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். "நம்ம பூவாடைக்காரி பேரு வள்ளியம்மாதானே சித்தப்பா?"

"வள்ளியம்மாவா? எவ சொன்னா? முத்துவேலு பொஞ்சாதி காத்தாயி. எங்க வூட்டுல கேளு."

அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. எல்லோரும் கூடியிருக்கும் ஒரு நாளில், அப்பா முன்னால், அக்காவும் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லவேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். அக்கா பெரிய சார்ட் பேப்பரில் வம்சக்கொடி வரைந்து எடுத்துக்கொண்டு வந்தார். எல்லாப் பெயரும் நீல மையில் இருந்தன. உச்சியில் முத்துவேலுவுக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலில் ஒரு பெயர் இருந்தது: பொன்னம்மா.

"சரியா இருக்குதா பாருங்க பி.ஏ."

தப்பு என்று பார்த்தவுடன் தெரிந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். அவருக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும். "சரியாத்தான் இருக்குதுக்கா" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்க்கா."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டார். "அப்ப சரி. போயிட்டு வரேன்."

அடக்கத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். கம்மாபுரம் பெரியப்பா கல்லறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு இத்தனை ஊரிலிருந்து சொந்தம் வருமா என்று அந்த இடத்திலும் நினைத்தேன். திரும்பும் வழியில் முருகேசன் சித்தப்பா என்னோடு நடந்து வந்தார். "நீ வந்துட்டுப் போன மறுவாரமே ஆரோக்கியமும் வந்து கேட்டா, காத்தாயின்னு சொன்னேன். உன் தங்கச்சி முன்னாடியே வந்து எழுதிக்கிட்டுப் போச்சேன்னேன். அப்படியான்னு சிரிச்சா. ஒண்ணா வந்திருந்தா ஒரே பேச்சா முடிஞ்சிருக்கும்ல?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். தெரிந்தே ஒரு தப்பை எழுதி, அழிக்க வசதியாகப் பென்சிலில் எழுதி, என் முன்னால் விரித்திருக்கிறார். கண்டுபிடித்தவள் நான் என்று ஆகட்டும் என நினைத்தாரா, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தாரா, இனி யாரையும் கேட்கமுடியாது. ஒன்று மட்டும் உறுதி. தப்பைக் கேட்டுவிட்டு ஒரு சொந்தக்காரரால் சும்மா இருக்கமுடியாது என்றார். என் ஒருத்தியிடம்தான் அது பலிக்கவில்லை.

வம்சக்கொடியை அந்தோணி என்னிடம் கொடுத்துவிட்டார். 'பி.ஏ.' என்று கூப்பிட இனி ஆள் இல்லை. ஆகவே அந்தப் பெயரையும் நானே வைத்துக்கொள்கிறேன். பொறாமையும் என்னிடம்தான் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் அது போகவில்லை. தெரிந்த பெயரை மறைத்துவைத்ததையும் அவர் என்னைவிட அழகாகச் செய்துவிட்டுப் போய்விட்டார் என்றுதான் தோன்றுகிறது. பென்சில் எழுத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. முப்பதாம் நாளன்று சார்ட்டைக் கொண்டுவருகிறேன். எல்லோரும் கூடியிருப்பீர்கள், அப்பாவும் இருப்பார். சார்ட்டை விரித்த அன்றே அக்காவிடம் சொல்லவேண்டியிருந்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சரியா இல்லக்கா. பொன்னம்மா இல்ல. காத்தாயி.