டிரைவர் அக்காவின் டிரம்பெட்

காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் தன்னார்வப் பயிற்சிக்காக நான் கடல் கடந்து போனபோது, தங்குவதற்கு வாய்த்தது ஒரு பஸ் டிரைவரின் வீடு. விமான நிலையத்துக்கு அவர் வேலை முடிந்த கையோடு சீருடையிலேயே வந்திருந்தார். “ஆன்ட்டி...” என்று நான் ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஆன்ட்டின்னா எனக்கு இங்கேயே நரைச்சிடும். அக்கான்னு கூப்பிடு.”

“அப்போ நான் மாமா,” என்றார் பின்னால் என் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அவர் கணவர். “ஏம்மா, வீட்டையே பேர்த்துக் கட்டிக் கொண்டுவந்துட்டியா?”

அவர் தையல்காரர். முன்னறையில் மெஷின் போட்டிருந்தார். நான் பள்ளியில் படித்த இரண்டாவது மொழிதான் அவர்களுடைய மொழி. ஆனால் அவர்கள் பேசியதெல்லாம் இன்றும் எனக்கு நம் வீட்டுப் பேச்சாகவே நினைவிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அவ்வளவு அமைதியான வீட்டை நான் பார்த்ததில்லை. தையல் மெஷினுக்குக் கீழே கம்பளியை மடித்துப் போட்டிருந்தார்கள். டிவியில் ஆட்கள் வாயசைத்தார்கள், குரல் வராது. கதவைச் சாத்தும்போது அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல விடுவார். மாமாவுக்குத் தும்மல் வந்தால் பால்கனிக்கு ஓடுவார். எனக்கும் இயல்பாகவே பேச்சு குறைவு. இவர்கள் என்னையும் மிஞ்சியவர்கள் என்று எண்ணி, நானும் நுனிக்காலில் நடந்தேன். கிசுகிசுவென்று காபி கேட்டேன். கிசுகிசுவென்று காபி வந்தது.

சில வாரங்கள் கழித்து, மேல்வீட்டுக்காரர் என்னைப் படியில் நிறுத்தினார். இரவு வாட்ச்மேன் வேலை, பகலில் தூங்குகிறவர்.

“நீதானே அந்த வெளிநாட்டுப் பொண்ணு? நல்லா இரும்மா!”

“எதுக்குண்ணே?”

“நீ வந்த பிறகுதான் நான் கண்ணையே மூடுறேன். அதுக்கு முன்னாடி உங்கக்கா டிரம்பெட்டை எடுத்து ஊதினா என் கட்டிலே நகரும்.”

“டிரம்பெட்டா?”

“தெரியாதா? உனக்குச் சத்தமே ஆகாதாமே. முதல் நாள் சாப்பிடும்போது ரெண்டு காதையும் பொத்திக்கிட்டே உக்காந்திருந்தியாம். அன்னைக்கு எடுத்து உள்ள வெச்சதுதான்.”

எனக்குப் பகீரென்றது. அன்று விமானத்திலிருந்து இறங்கியும் காது அடைப்பு விடவில்லை. அதற்காகத்தான் பொத்திப் பொத்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் ஊசியில் நூல் கோத்தபடியே மெதுவாகச் சொன்னார். பஸ் டிப்போவில் ஒரு பேண்ட் உண்டு. பேண்டில் சேர்ந்தால் சனிக்கிழமை விடியற்கால வண்டி ஓட்ட வேண்டாம் என்பதற்காகத்தான் அக்கா முதலில் அதில் சேர்ந்தாராம். வந்த இடத்தில் டிரம்பெட் அவரைப் பிடித்துக்கொண்டது. பல வருடம் பின்வரிசையிலேயே ஊதியவர். இப்போது முன்வரிசையில் தனியாக வாசிப்பவர் ஓய்வு பெற்றுவிட்டார். மாதக் கடைசியில், பேண்டை நடத்தும் ஒர்க்‌ஷாப் மேஸ்திரி ஆள் எடுக்கப்போகிறார்.

“டயர் செக்‌ஷன் ஆளு தினம் ஊதிப் பழகுறான். இவ உதடு காய்ஞ்சு கிடக்கு. பழக்கம் விட்டா டிரம்பெட் பேசாதும்மா. வயசும் ஆகுது, இன்னொரு வாய்ப்பு வராது.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா?”

“சொன்னா உன் மனசு சங்கடப்படும்னு அக்கா சத்தியம் வாங்கிட்டா.”

இரவுச் சாப்பாட்டின்போது எனக்கு வழக்கமில்லாத உரத்த குரலில் சொன்னேன்: “அக்கா, அன்னைக்கு எனக்குக் காது அடைச்சிருந்துச்சு. அவ்ளோதான். எனக்குச் சத்தம் ஒண்ணும் பண்ணாது.”

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். மாமாவைப் பார்த்தார். மாமா எழுந்து நின்று, அடக்கிவைத்ததற்கெல்லாம் சேர்த்து ஒரு தும்மல் தும்மினார். “தும்மலை அடக்கி அடக்கி என் மூக்கே வீங்கிப்போச்சுடி!” என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் தண்ணீர் டம்ளர் சாய்ந்தது. அந்த வீட்டின் உண்மையான குரலை அப்போதுதான் கேட்டேன்.

மறுநாள் பகலில் டிரம்பெட் வெளியே வந்தது. முதல் வரி முடிவதற்குள் மேல்வீட்டுக்காரர் லுங்கியோடு இறங்கி வந்துவிட்டார். “பழகிடுச்சும்மா தூக்கம். இனிமே விட முடியாது. ஓனர்கிட்ட போவேன்!” டிப்போவிலும் முடியாது, ஷிப்ட் முடிந்தவர்கள் அங்கே படுத்திருப்பார்கள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அக்கா நம் பள்ளிக்கு வந்து ஊதிப் பழகலாமா என்று பெரிய டீச்சரிடம் கேட்டேன். பள்ளிக்கு ஒரு பக்கம் மரம் அறுக்கும் மில், மறுபக்கம் காலிமனை. “தாராளமா வரட்டும்,” என்றார். அக்காதான் முறைத்தார்.

“காது கேக்காத பிள்ளைங்க முன்னாடியா ஊதச் சொல்ற? கிண்டலா?”

“வந்து பாருங்கக்கா.”

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பலூன் கொடுத்து மார்போடு அணைத்துக்கொள்ளச் சொன்னேன். அக்கா தயங்கித் தயங்கி ஊதினார். பலூன்கள் அதிர்ந்தன. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக் கூச்சலிட்டார்கள். ஒரு சின்னப் பெண் பலூனை வீசிவிட்டு, டிரம்பெட்டின் வாயிலேயே கையை வைத்துக்கொண்டாள். ஷிப்ட் முடிந்ததும் அக்கா தினமும் வர ஆரம்பித்தார். பாட்டின் கடைசியில் ஒரு நீண்ட சுரம். மூச்சு இடறினால் பலூன் உடனே காட்டிக்கொடுக்கும். பிள்ளைகள் கட்டைவிரலைக் கீழே கவிழ்த்து, ஒற்றை விரலைச் சுழற்றுவார்கள். மறுபடி!

“என்ன பிள்ளைங்கடி இது! எங்க டிப்போ மேனேஜரே தேவலாம்,” என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதுவார். பஸ் கண்ணாடியை எப்படித் தினமும் மூலை விடாமல் துடைப்பாரோ, அப்படி அந்தச் சுரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு மாலை, ஒரு கட்டைவிரல்கூடக் கவிழவில்லை.

தேர்வு ஒர்க்‌ஷாப்பிலேயே நடந்தது. தூக்கிவைத்த பஸ்களுக்கு நடுவே நானும் மாமாவும் நின்றோம். டயர்காரர் முதலில் வாசித்தார். கையும் வாயும் வெண்ணெயாக ஓடின. மாமா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆனால் கடைசிச் சுரத்தை டயர்காரர் சட்டென்று முடித்துவிட்டார். அடுத்து அக்கா. தொடக்கத்தில் ஒரு இடத்தில் பிசகினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கடைசிச் சுரம் எழுந்து, கூரைத் தகரத்தைத் தொட்டு, அசையாமல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பஸ்ஸுக்கு அடியில் வேலை செய்தவர்கள் தலையை நீட்டினார்கள்.

மேஸ்திரி கையைத் துணியில் துடைத்தார். “இவ்ளோ நாள் பின்னாடி உக்காந்து என்ன பண்ணிக்கிட்டிருந்தே? முன்னாடி வா.”

டயர்காரர் முகம் சுருங்கினாலும் கைகொடுத்தார். மாமா யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைக்கப் பார்த்து, எல்லோருக்கும் தெரியத் துடைத்தார்.

அக்காவுக்கு உடனே வண்டி எடுக்க வேண்டியிருந்தது. நாங்களும் ஏறிக்கொண்டோம். வழியெல்லாம் பாட்டை முணுமுணுத்தபடியே ஓட்டினார். ஒரு நிறுத்தத்தைத் தாண்டிய பிறகுதான் பெரியவர் ஒருவர் கத்தினார்: “என்னம்மா, மணி அடிச்சது காதுல விழலையா?”

“மன்னிச்சுக்கங்கய்யா. இன்னைக்கு எனக்கு முன்வரிசை கிடைச்சிருக்கு!”

“என்ன புதுசா? நீ தினமும் முன்னாடிதானே உக்காந்திருக்க?”

பஸ்ஸே சிரித்தது. பெரியவரும் முணுமுணுத்துக்கொண்டே சிரித்தார். அக்கா ஓரங்கட்டிக் கதவைத் திறந்துவிட்டு, அவர் இறங்கி நடைபாதையில் ஏறும்வரை காத்திருந்தார். பிறகு, தேவையே இல்லாமல், ஒரு நீளமான ஹாரன் அடித்தார்.