வெடியில்லாமல் ஜெயித்த அண்ணன்

உற்றார் உறவினர்களுக்கும், அண்ணனோடு கபடிக் களத்தில் மண்ணில் புரண்ட நண்பர்களுக்கும் வணக்கம்.

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றித் தங்கை நான்தான் எழுத வேண்டும் என்று மதினி சொல்லிவிட்டார். திருத்தங்கல் அச்சகத்தில் அடுத்தவர் வீட்டு நினைவு மலர்களையெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் எனக்கு, சொந்த அண்ணனுக்கு எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. நான் அடித்த மலர்களில் எல்லாம் மறைந்தவர் கோபமே அறியாதவராக இருப்பார். எங்கள் அண்ணன் நன்றாகக் கோபப்படுவார். ரெய்டு போய்விட்டுப் பயந்து திரும்பி வருகிறவனை அவர் திட்டுவது பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும். அதையும் சேர்த்து எழுதினால்தான் அது அண்ணன்.

ஆனைக்குட்டம் அணைப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், வீட்டுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்களைப் பெற்ற அய்யாவைப் பட்டாசு கம்பெனி விபத்தில் பறிகொடுத்தபோது அண்ணனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அதே தொழிலுக்குப் போனார். சீசன் நேரத்தில் லோடு ஏற்றிவிட்டு வந்து, சாப்பிடக்கூட உட்காராமல் கபடிக்கு ஓடுவார். என்னைப் படிக்க வைத்ததும், எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அவர்தான். பிறகு ஊரே சேர்ந்து அவரை ஊராட்சி மன்றத் தலைவராக்கியது. பதவி வந்தும் கபடியை விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கிவிடுவார்.

எங்கள் கண்மாய்க்குள் நாட்டுக் கருவேல மரங்கள் உண்டு. மழைக்காலம் முடியும்போது நாரைகள் வந்து அவற்றில் கூடு கட்டும். கரைக்கு வெளியே இருந்த புறம்போக்கு முழுவதும் அப்போது சீமைக்கருவேலம். அண்ணன் அதை வேரோடு அகற்றினார். நல்ல பெரிய மைதானம் கிடைத்தது என்று இளைஞர்கள் துள்ளினார்கள். அண்ணனோ பாதி இடத்தைத்தான் கபடிக்குக் கொடுத்தார். மீதியில் வேம்பும் புங்கையும் நாவலும் மருதும் நட்டார். பயிற்சிக்கு வருகிறவர்கள் முதலில் கண்மாயிலிருந்து தண்ணீர் எடுத்துக் கன்றுகளுக்கு ஊற்ற வேண்டும். ஊற்றாதவனுக்குக் களத்தில் இடமில்லை.

"கொடம் தூக்குனாத்தாம்லே தொடையில பலம் ஏறும்" என்பார். அது உண்மையோ பொய்யோ, எங்கள் அணி அதே களத்தில் நடந்த பங்குனிப் பொங்கல் போட்டியில் முதன்முறையாகச் சுழற்கோப்பையை வென்றது.

அன்று நடந்ததை இங்கே மறைக்கப் போவதில்லை. அண்ணனே மறைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தாலும் வெடி, பரீட்சையில் பாஸானாலும் வெடி. கோப்பை கைக்கு வந்ததும் சந்தோஷம் தலைக்கேறி, அண்ணனே மைக்கைப் பிடித்து, "இன்னும் என்னலே பாத்துக்கிட்டு நிக்கீக? பத்த வைங்கலே!" என்றார். பையன்கள் பழக்க தோஷத்தில் பெரிய சரத்தைக் கரை நெடுக விரித்துக் கொளுத்தினார்கள். காய்ந்த கோரைப்புல்லில் பொறி விழுந்தது. நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோதே கன்றுகளுக்குள் தீ புகுந்துவிட்டது. நாரைகள் மொத்தமாக எழுந்து சுற்றின. அண்ணன் கையில் வேறு ஒன்றும் அகப்படாமல், அப்போதுதான் வாங்கிய கோப்பையாலேயே கண்மாய்த் தண்ணீரை மொண்டு ஊற்றினார். அந்தக் கோப்பையின் விளிம்பு இன்றும் நெளிந்துதான் இருக்கிறது.

பாதிக் காடு கருகியது. பறந்த நாரைகள் திரும்பவில்லை. அடுத்த மழைக்காலத்திலும் வரவில்லை. வெற்று மரங்களைப் பார்த்துக்கொண்டு அண்ணன் கரையில் நிற்பார்.

கிராம சபையில் அண்ணன் எழுந்து, "வெடி போடச் சொன்னவன் நாந்தேன். தப்பு என் மேலதேன். இனிமே கண்மாய்ப் பக்கம் யாரும் வெடி போடக்கூடாது. கல்யாணமா இருந்தாலும் சரி, சாவா இருந்தாலும் சரி" என்றார். கூட்டம் சலசலத்தது. கோப்பையை ஆண்டுதோறும் வழங்கும் பட்டாசுக் கம்பெனி முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவருடைய சரக்கு வெடிப்பதுதானே அந்தப் போட்டிக்கே விளம்பரம்.

"என்ன தலைவரே, பட்டாசு ஊர்ல பட்டாசு வெடிக்கக் கூடாதுன்னா நாங்க எங்கன போய் வெடிக்க?" என்று அவர் கேட்டார்.

"அண்ணாச்சி, பட்டாசு செய்யிறது நம்ம பொழப்பு. விக்கிறது ஒங்க பொழப்பு. வெடிக்கிறது வாங்குனவுக பாடு. நம்ம சரக்க நம்மளே வெடிச்சுத் தீத்துப்புட்டா தீவாளிக்கு வெளியூர்க்காரன் என்னத்த வெடிப்பான்?" என்றார் அண்ணன்.

முதலில் சிரித்தவர் அண்ணாச்சிதான். அதோடு தீர்மானம் நிறைவேறியது.

தீர்மானம் போட்டுவிட்டால் ஆயிற்றா? அடுத்த பங்குனியில் எங்கள் அணி மறுபடியும் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. கருகிய இடத்தில் புதுக் கன்றுகள் நின்றன. நாரைகள் இல்லை. கடைசி ரெய்டில் எங்கள் பையன் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டில் வந்து விழுந்தான். வெற்றி! ஆனால் கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை பரபரக்கிறது, கொளுத்த ஒன்றுமில்லை. அந்தத் தடுமாற்றத்தில் எங்கள் மதினி எழுந்து குலவை போட்டார். பக்கத்தில் இருந்த நானும் போட்டேன். பிறகு கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். சரவெடி என்ன சரவெடி! அப்படி ஒரு குலவையை எங்கள் மாரியம்மன்கூடக் கேட்டிருக்க மாட்டாள். அண்ணன் மைக்கைப் பிடித்தபடியே அழுதார்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் முதல் நாரை வந்து இறங்கியது. அண்ணன் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கோப்பை வென்ற அன்றுகூட அவர் முகத்தில் நான் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

கடைசிக் காலத்தில் நுரையீரல் நோய் அவரைப் படுத்திவிட்டது. கபடியில் மூச்சை விடாமல் பாடியவருக்கு நாலு வார்த்தை பேசவே இளைத்தது. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "தாயி, நாரையெல்லாம் இருக்கா?" இருக்கிறது என்பேன். கண்ணை மூடிக்கொள்வார்.

தை மாதம், கூடுகளில் குஞ்சு பொரித்திருந்த நேரத்தில் அண்ணன் போய்விட்டார். மயானத்துக்குக் கண்மாய்க் கரை வழியாகத்தான் போக வேண்டும். வெளியூரிலிருந்து வந்த எங்கள் தாய்மாமா வழக்கப்படி பை நிறைய வெடி வாங்கி வந்திருந்தார். "தலைவருக்கு வெடியில்லாத ஊர்வலமா? ஊரு என்ன பேசும்?" என்று நின்றார். அழுதுகொண்டிருந்த மதினி தலையை நிமிர்த்தி, "மாமா, அவுக வேணாம்னு சொன்னத அவுக முன்னாலயே செய்யப் போறீகளா?" என்றார். மாமா பையைக் கீழே வைத்துவிட்டார்.

கபடி அணியினர் தோள் கொடுத்தார்கள். கரையில் ஏறியதும் பறையையும் நிறுத்தச் சொன்னோம். களத்தின் அருகே வந்தபோது முன்னால் தூக்கிய பையன் மெதுவாக, மூச்சு விடாமல், "கபடி கபடி கபடி" என்று பாட ஆரம்பித்தான். மற்றவர்களும் சேர்ந்தார்கள். காடு கடக்கும்வரை நிறுத்தவில்லை.

மருத்துவமனையில் இரவும் பகலும் உடனிருந்த நண்பர்களுக்கும், தோள் கொடுத்த பிள்ளைகளுக்கும், தொலைவிலிருந்து வந்து துக்கத்தில் பங்குகொண்ட சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பை நிறைய வெடியைத் திரும்ப எடுத்துச் சென்ற மாமாவுக்கும், அன்று வேன் நிறையச் சரக்கோடு வந்து ஊர் எல்லையிலேயே அதைத் திருப்பி அனுப்பிவிட்டு நடந்து வந்த பட்டாசுக் கம்பெனி அண்ணாச்சிக்கும் தனியாக ஒரு நன்றி.

அண்ணே, நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். அதனால் அன்று உங்கள் பின்னால் கரை முடியும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் வந்தேன். ஒரு நாரைகூடக் கூட்டை விட்டு எழவில்லை.