நோர்வே அண்ணை ரொறன்ரோ பார்த்த கதை

இந்த ஊரில் இலை நிறம் மாறுவதையும் வானொலியில் செய்தியாகச் சொல்கிறார்கள். வடக்கே எந்தக் காடு சிவந்துவிட்டது, எது இன்னும் மஞ்சளில் நிற்கிறது, இந்தச் சனி ஞாயிறு எந்தத் தெருவால் போனால் வடிவாகப் பார்க்கலாம் என்றெல்லாம், 401 நெடுஞ்சாலையின் நெரிசலைச் சொல்லி முடித்த அதே குரல் உற்சாகமாக வாசிக்கும். வந்த புதிதில் எனக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்று கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். உதிரப்போகிற இலையைப் பார்க்கக் குடும்பத்தோடு காரேறிப் போவார்கள் என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால், ஆளுக்கு விசர் என்றுதான் நினைத்திருப்போம். இப்போது நானும் அந்தச் செய்திக்குக் காதைக் கொடுக்கிறேன். போன வருடம் மிகவும் கவனமாகக் கேட்டேன், ஏனென்றால் நோர்வேயிலிருந்து என் அண்ணை வருவதாக இருந்தது. அவர் வந்து இறங்கும்வரைக்கும் இலைகள் மரத்தில் நிற்க வேண்டுமே என்று உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவர் சும்மா சுற்றிப் பார்க்க வரவில்லை. எங்கள் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் தனியே இருந்தார். அவரைக் கூப்பிட இரண்டு பிள்ளைகள் இருந்தோம்: நோர்வேயில் அண்ணை, ரொறன்ரோவில் நான். தொலைபேசியில் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். "ரெண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்கோ. நான் பெட்டி கட்டி வைச்சிருக்கிறன். எங்க ஏறச் சொன்னாலும் ஏறுவன்." நாங்கள் இரண்டு பேரும் கதைத்தால் முடிவு வராது, சண்டைதான் வரும். அதனால் அண்ணை, "முதல்ல உன்ர இடத்தை ஒருக்கா வந்து பாக்கிறன்" என்றார். பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டாரைப் போல ஒரு பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் வாயை மூடிக்கொண்டேன். அம்மா என்னோடு இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை எனக்கு.

அண்ணை இருப்பது நோர்வேயின் வட முனையில், கடலோரத்தில் ஒரு சின்னப் பட்டினம். எண்பதுகளில் மீன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன தமிழ்ப் பெடியன்களில் அவரும் ஒருவர். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒஸ்லோப் பக்கம் இறங்கிவிட்டார்கள். அண்ணையும் ஒரு கூட்டாளியும் மட்டும் அங்கேயே நின்றார்கள். அண்ணை மரவீடு வாங்கி, அண்ணியைக் கூப்பிட்டு, மேற்பார்வையாளராகவும் ஆகிவிட்டார். அமைதி, நல்ல காற்று, நடந்து போகும் தூரத்தில் வைத்தியசாலை, கதவைப் பூட்டாமல் கடைக்குப் போகலாம் என்று அவரிடம் ஒரு வரிசை உண்டு. என்னிடம் ஒரேயொரு துருப்புத்தான் இருந்தது. "தைப்பொங்கலுக்கும் சூரியன் வராத ஊரில அம்மா ஆருக்கு அண்ணை பொங்கிறது?" என்று ஒருநாள் கேட்டேன். "நாங்கள் அண்டைக்குப் பொங்கிச் சாப்பிடுவம். சூரியன் வந்த பிறகு இன்னொருக்காப் பொங்கிப் படைப்பம்" என்றார், கொஞ்சமும் தளராமல். அதுதான் என் அண்ணை.

வந்த அடுத்த நாளே நகரத்தைக் காட்டத் தொடங்கினேன். மிசிசாகா பக்கம் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றும் வேலை செய்யும் என் கணவர், அந்தக் கிழமை முழுக்க இரவு வேலைக்கு மாறிக்கொண்டு பகலில் கார் ஓட்டினார். சி.என். டவருக்குப் போன அன்று மேகம் இறங்கிக் கோபுரத்தின் தலையை மூடிவிட்டது. அண்ணை கழுத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "கட்டி முடிக்கேல்லையோ?" என்று கேட்டார். யங் தெருவில் நடந்தபோது, "இவ்வளவு சனமும் எங்க போகுதுகள்?" என்று கேட்டார். சுரங்க ரயிலில் காதைப் பொத்திக்கொண்டார். ஹை பார்க்கில் மேப்பிள் மரங்கள் என் மானத்தைக் காப்பாற்ற வெய்யிலில் செக்கச்செவேல் என்று நின்றன. அவர் ஒரு மரத்தின் கீழ் நின்று வடிவாகப் படம் எடுத்துக்கொண்டு, "எங்கட பக்கம் இது புரட்டாதியிலயே முடிஞ்சிடும்" என்றார், ஏதோ முந்தி முடிவதும் ஒரு கெட்டித்தனம் என்பதுபோல. இவர், என் கணவர், பின்னால் நின்று சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

உண்மையான இடி வீட்டில்தான் விழுந்தது. நாங்கள் ஸ்காபரோவில் பதினான்காம் மாடியில் இருக்கிறோம். கட்டிடத்தில் பாதிக்கு மேல் எங்கள் சனம். பின்னேரமானால் நடைபாதை முழுக்க மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் மணக்கும். அண்ணை பல்கனியில் நின்று கீழே கார் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டே, "அம்மாவை உந்தக் கூட்டுக்க அடைக்கப் போறியோ, பிள்ளை?" என்றார். "மண்ணில கால் படாமல் எப்பிடி இருப்பா? அங்க எண்டால் கதவைத் திறந்தால் முற்றம்."

"முற்றம் இருக்கு. கதைக்க ஆர் இருக்கினம்?" என்றேன்.

"நாங்கள் இல்லையோ?"

"நீங்களும் அண்ணியும் வேலைக்குப் போயிடுவீங்கள். பிள்ளையளுக்குத் தமிழ் தெரியாது. அம்மா முற்றத்தோட கதைக்கிறதோ?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் சொன்னது உண்மைதான், ஆனால் சொன்ன விதம் சரியில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் கத்தியும் தட்டும்தான் சத்தம் போட்டன. சனிக்கிழமை நயாகராவுக்குப் போவதாக இருந்தது. அதுதான் என் கடைசி நம்பிக்கை. அவ்வளவு தண்ணீர் விழுவதைப் பார்த்து எந்த நோர்வேக்காரனும் வாயைப் பிளக்கத்தான் வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வியாழக்கிழமை விடிய ஒன்பதாம் மாடி மங்கை அன்ரி நித்திரையிலேயே போய்விட்டார். மகளோடு இருந்தவர். கனகாலப் பழக்கம் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கண்டால் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார், அதுவரைக்கும்தான் பழக்கம். மத்தியானத்துக்குள் லிஃப்டில் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. எங்கள் கட்டிடத்தைப் பராமரிக்கும் போலந்துக்காரர், நாட்டிய வகுப்பு, வாடகைக்கு அறை என்று யார் எதை ஒட்டினாலும் உடனே கிழித்தெறிகிறவர். அந்தக் கடதாசியை மட்டும் அவர் தொடவில்லை. நாலு மூலைக்கும் நல்ல ஒட்டுநாடா போட்டு அவரே நேராக்கி விட்டிருந்தார். உடலைப் பார்வைக்கு வைப்பது சனிக்கிழமை காலை, இறுதிச்சடங்கு மண்டபத்தில் என்று அதில் இருந்தது.

எனக்கு மனம் இரண்டுபட்டது. ஒளிக்காமல் சொல்கிறேன், நயாகராப் பக்கம்தான் கூடச் சாய்ந்தது. அண்ணை அதற்கு இடம் தரவில்லை. "ஒரு வளவுக்க சாவு கிடக்க, தண்ணி விழுறதைப் பாக்கப் போறதோ? உனக்கு இஞ்ச வந்து புத்தி கெட்டுப் போச்சு." பதினான்கு மாடியையும் அவர் ஊரில் ஒரே வேலிக்குள் இருக்கும் வளவாகக் கணக்கெடுத்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. என் கணவருடைய வெள்ளைச் சட்டை ஒன்றை வயிற்றை எக்கிப் போட்டுக்கொண்டு, முதல் ஆளாக வாசலில் நின்றார்.

நாற்பது ஐம்பது பேர் வருவார்கள் என்று மங்கை அன்ரியின் மகள் மண்டபத்தாரிடம் சொல்லியிருந்தாவாம். பாவம், துக்கத்தில் சொன்ன கணக்கு. நாங்கள் போனபோதே கார் தரிப்பிடம் நிறைந்து, பக்கத்து டோனட் கடை வாசல்வரை கார்கள் நின்றன. பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து ஒரு வான் வண்டி நிறைய வந்தார்கள். இரவு வேலை முடித்துத் தொழிற்சாலை உடுப்போடு வந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பமொன்று கடைசி வரிசையில் செபமாலையோடு இருந்தது. பக்கத்து மண்டபத்தின் கதிரைகளும் வந்தன, அவையும் போதவில்லை. நெருப்புக் கொளுத்த அங்கே அனுமதியில்லை என்றபடியால் பேரப்பிள்ளைகள் கொளுத்தாத பந்தங்களைப் பிடித்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி நின்றார்கள். வாய்க்கரிசி போட்டபோது கம்பளத்தில் சிந்திய அரிசியை, யாரும் சொல்லாமலே, நாலைந்து பெண்கள் குந்தியிருந்து பொறுக்கினார்கள்.

மண்டபத்தின் பொறுப்பாளர் நரைத்த தலையோடு உயரமான ஒரு மனிதர். வாசலில் நின்ற என்னிடம் வந்து, மிகவும் பணிவாக, "இறந்தவர் உங்கள் சமூகத்தில் பெரிய பதவியில் இருந்தவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை. ஒன்பதாம் மாடியில் இருந்தவர்" என்றேன்.

அதையும் ஏதோ பதவி என்று நினைத்திருக்க வேண்டும், மரியாதையாகத் தலையாட்டினார். "இத்தனை பேருக்கும் அழைப்பு அனுப்பியதாகக் குடும்பத்தினர் எங்களிடம் சொல்லவில்லையே" என்றார்.

"இதற்கு நாங்கள் அழைப்பதில்லை. அழைக்காமல்தான் வருவோம்."

"ஓ, மன்னிக்க வேண்டும்" என்று அவர் என் கையைப் பிடித்தார். அழைக்க மறந்துவிட்டார்கள், அந்த மனக்குறையோடு நாங்கள் வந்து நிற்கிறோம் என்று அவர் விளங்கிக்கொண்டார் போலும். நல்லதுக்குச் சொன்னால்தான் போவோம், கெட்டதுக்குச் சொல்லாமலே போவோம் என்பதை என் ஆங்கிலத்தில் அவருக்கு எப்படி விளக்குவது? விட்டுவிட்டேன். ஆனால் அந்த வாசலில் நின்றபோது எனக்குள் ஒரு பெருமை நிமிர்ந்தது. கோபுரத்தின் கீழும் மேப்பிள் மரத்தின் கீழும் நின்று அண்ணைக்கு நான் காட்ட முயன்றதெல்லாம் பிறர் கட்டியதும் தானாக வளர்ந்ததும். இது நாங்கள் கொண்டுவந்தது. கையில் ஒரு பையோடு வந்திறங்கிய சனம், இந்தப் பெரிய நகரத்துக்குள் இதை ஒரு குறையுமில்லாமல் நட்டு வைத்திருக்கிறது.

உள்ளே ஒரு பெரியவர் தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். பாதியில் அவருக்குக் குரல் அடைத்துவிட்டது. அவர் தொண்டையைச் செருமுவதற்கு முன்னமே மண்டபம் முழுவதும் அந்த அடியை எடுத்துக்கொண்டது. ஆண்கள், பெண்கள், தொழிற்சாலை உடுப்போடு நின்றவர்கள் எல்லோரும் பாடினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணை தன்பாட்டில் நின்று அழுதுகொண்டிருந்தார். அப்பாவின் செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனபோதும் தொலைபேசியில் அழாத மனிதர், பெயரும் சரியாகத் தெரியாத ஒரு மனுசிக்காகச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே காருக்குப் பக்கத்தில் வந்ததும் கேட்டேன். "என்னண்ணை?"

"யோகனை நினைச்சன்" என்றார். யோகன் அவரோடு மீன் தொழிற்சாலைக்கு ஒன்றாகப் போய் அங்கேயே நின்ற கூட்டாளி, ஒரே அறையில் இருந்தவன். சில வருடங்களுக்கு முன் மாரடைப்பில் போனவன். எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் அண்ணை அப்போது எனக்குச் சொன்னார். "நல்லபடி முடியேல்லை, பிள்ளை. பனிப்புயல். ஒஸ்லோப் பெடியள் வெளிக்கிட்டவங்கள், பிளேன் ஓடேல்லை. நானும் அண்ணியும், முதலாளியும், வேலை செய்யிற ரெண்டு மூண்டு வெள்ளையளும், ஒரு பாதிரியாரும். தேவாரம் பாட வேற ஆரும் இல்லை, நான்தான் தொடங்கினனான். நடுவில மறந்து போச்சு. நிண்டுட்டன். பாட்டு முடிஞ்சுதாக்கும் எண்டு அதுகள் எல்லாம் எழும்பி நிண்டுதுகள். எடுத்துக் குடுக்க ஒருத்தர் இல்லை. எரிக்கவும் கிட்ட இடமில்லை. மண்ணுக்கதான் தாட்டனாங்கள்" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். காற்று அடித்து, காரின் கண்ணாடியில் மஞ்சள் இலைகள் வந்து ஒட்டின. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தெறிந்துவிட்டு அண்ணை சொன்னார். "அம்மாவைக் கூப்பிட நீயே போமை நிரப்பு. இஞ்ச வரட்டும்."

எத்தனை மாதம் சண்டை போட்டது அந்த வார்த்தைக்காக! சந்தோசம் வந்தது, அதோடு ஒரு நடுக்கமும் வந்தது. பெற்ற தாய்க்கு நகரம் தேட வந்த பிள்ளைகள் நாங்கள், செத்தவீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டோம். அம்மாவிடம் அதைச் சொல்ல முடியுமா? அன்றிரவு தொலைபேசியில் அண்ணை, "தங்கச்சியின்ர இடத்தில சனம் கூட, அம்மா. உங்களுக்குப் பொழுது போகும்" என்று மட்டும் சொன்னார். "அப்ப லிஃப்டில ஏறப் பழக வேணும்" என்று அம்மா சிரித்தார்.

விமான நிலையத்தில் எல்லோரையும் கட்டிப்பிடித்துவிட்டுப் போன அண்ணை, பாதி தூரத்தில் திரும்பி வந்தார். இவருக்குக் கேட்காத குரலில், "பிள்ளை, எனக்கு ஏதும் எண்டாலும் என்னை இஞ்ச கொண்டு வா. அங்க புதைக்க விடாதை" என்றார். "விசர்க்கதை கதையாமல் போங்கோ" என்று அவரைத் தள்ளிவிட்டேன். நெடுஞ்சாலையில் வீடு திரும்பும்போதுதான் அந்தப் பேச்சு மெல்ல மெல்ல உறைக்கத் தொடங்கியது. அவருடைய வீடும் உழைப்பும் பிள்ளைகளும் அங்கே. அழ வேண்டிய சனம் மட்டும் இங்கே வேண்டும் என்கிறார். ஆனால் இந்த நகரத்தில் என்னையும் இவரையும் தவிர அவரை யாருக்குத் தெரியும்?

அம்மாவின் அலுவல் நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த கோடைக்குள் வந்துவிடுவார் என்று நம்புகிறோம். நான் இன்னொரு வேலையையும் தொடங்கியிருக்கிறேன். லிஃப்டில் யாரைக் கண்டாலும் எப்படியாவது அண்ணையின் கதையை இழுத்துவிடுவேன். தைப்பொங்கலுக்கு இரண்டுதரம் பொங்குகிறவர் என்பேன், மங்கை அன்ரியின் செத்தவீட்டில் இறுக்கமான வெள்ளைச் சட்டையோடு நின்று அழுதாரே, அவர்தான் என்பேன். இவருக்கு என் நோக்கம் விளங்கிவிட்டது. "உமக்கென்ன, தேர்தலுக்கு ஆள் சேர்க்கிறீரோ?" என்று பகிடி பண்ணுகிறார். போன கிழமை நாலாம் மாடியில் ஏறிய ஒரு பெண், முன்பின் கண்ட முகமில்லை, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அக்கா, நோர்வே அண்ணை எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டாள். நல்ல சுகமாக இருக்கிறார் என்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சநேரம் அழுதேன். பிறகு, அங்கே நேரம் என்ன என்று பார்த்து அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, உங்களை இங்கே ஒருவர் சுகம் கேட்டார் என்று சொன்னேன்.