இடப்பக்க மட்கார்டு

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வாடகைக்கு ஓட்டிய அம்பாசடரை எர்ணாவூர் உப்புக்காற்று விளிம்பெல்லாம் தின்றிருந்தது. அவர் போன பிறகு, அதைப் புதுப்பிக்கத் திருவொற்றியூர் டிங்கர் பட்டறையில் விட்டேன்.

பட்டறைக்காரர் இடப்பக்க மட்கார்டைத் தட்டிப் பார்த்தார். "கம்பெனி தகடு தம்பி, கெட்டியா கீது. துருவ வெட்டிட்டு ஒட்டு போட்டுடலாம். டூப்ளிகேட்ல இந்த கனம் வராது."

"வேணாம்ணே, புதுசே மாட்டிடுங்க."

துருவைக் காரணம் காட்டினேன். உண்மையில் எனக்குப் பிடிக்காதது, விளக்குக்குப் பக்கத்தில் இருந்த உள்ளங்கை அகலப் பள்ளம். பதினைந்து வயதில் திருட்டுத்தனமாக வண்டியை எடுத்து மின்கம்பத்தில் நான் இடித்தது. அப்போது ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த அக்கா, தான் இடித்ததாகச் சொல்லிவிட்டாள். நைனா திட்டவில்லை; பள்ளத்தை எடுக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைத் துடைக்கும்போது அவர் கை அங்கே ஒரு நொடி நிற்கும். நான் வீட்டுக்குள் போய்விடுவேன்.

வண்டி பளபளவென்று வந்த அன்று, அக்கா அந்த இடத்தைத் தடவித் தேடினாள்.

"பழசு எங்கடா?"

"எடைக்குப் போட்டாச்சுக்கா."

தடவிய கையை எடுத்துக்கொண்டாள். "இடிச்சது நீதான்னு நைனாவுக்கு அன்னிக்கே தெரியும்டா. 'அவனா வந்து சொல்லட்டும், அப்பால எடுத்துக்கலாம்'னு உட்டு வச்சிகினு இருந்தாரு."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் வண்டியைத் துடைக்கிறேன். அந்த இடம் வந்ததும் என் கையும் நின்றுவிடுகிறது. "நான்தான் நைனா இடிச்சேன்" என்று சொல்ல, அங்கே ஒரு பள்ளம்கூட இல்லை.