மலையைப் பார்த்த வாசல்

கல்யாண மாப்பிள்ளையோடு நெடுஞ்சாலைத்துறை டிப்போவில் காத்துக் கிடந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்குப் போன வாரம் வாய்த்தது!

நண்பரின் மகன் செந்திலுக்குக் கல்வராயன் மலையில், பெண் வீட்டில் கல்யாணம். காலையில் வேனில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி அடிவாரத்துக்கு வந்தால்... ராத்திரி மழையில் மலைப்பாதையில் பாறை சரிந்து கிடக்கிறதாம். முகூர்த்தம் பத்தரைக்குள். பட்டு வேட்டியில் செந்திலுக்கு வியர்த்துக் கொட்டியது.

விசாரிக்கலாம் என்று அடிவாரத்து டிப்போவில் இறங்கினோம். செந்திலின் தாய்மாமா வாசலைத் தேடிச் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். கதவே இல்லை! ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தக் கட்டடம் முதுகைத்தான் காட்டுகிறது. வாசல் மலைப் பக்கம். இதென்ன கூத்து?

சுற்றிக்கொண்டு போனதும் அசந்துபோனேன். மலைச்சாலை போட உடைத்த பாறையிலேயே எழுப்பிய சுவர். வெடி வைக்கத் துளைத்த தடம்கூட கல்லில் அப்படியே இருக்கிறது. வாசல் அத்தனை உயரம் – நீராவி ரோடு ரோலரின் புகைக்குழாய் இடிக்காமல் நுழைவதற்காக அந்தக் காலத்தில் வைத்ததாம். இன்று அதில் ஜேசிபி தாராளமாக நுழைகிறது.

உள்ளே சாலை ஆய்வாளர் தமிழரசி இருந்தார்.

“ஜேசிபி எங்கேம்மா?” என்று கேட்டேன்.

“அது விடியும்போதே மேல ஏறிடுச்சிங்க.”

“பாறை விழுந்த தகவல் எப்ப வந்துச்சு?”

“தகவலா? இங்க உக்காந்தாலே மலையில மழை பெய்யறது தெரியும்ங்க. ஜாஸ்தியா பேஞ்சா வண்டி கெளம்பிடும். யாரு வந்து சொல்லணும்?”

அடடா! போன் இல்லாத காலத்தில் யாரோ ஒரு இன்ஜினீயர் யோசித்து, வாசலை மலையைப் பார்த்துக் கட்டியிருக்கிறார். அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. நம் ஊரில் பல ஆபீஸ்கள் திறந்துவைக்க வருகிற பெரிய மனிதர்களைப் பார்த்து நிற்கின்றன. இது ஒன்று வேலையைப் பார்த்து நிற்கிறது.

செந்தில் தாங்கமாட்டாமல் கேட்டான். “அக்கா, பத்தரைக்குள்ள போயிடலாமா?”

“ஒரு வண்டி போற அளவுக்கு ஒதுக்கிக்கினு இருக்காங்க. இன்னா தம்பி அவ்ளோ அவசரம்?” என்றவர், பட்டு வேட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். உடனே போனில் மேலே பேசினார். “மாப்பிள்ள வண்டி வருதுப்பா... மொதல்ல அத்த வுடு!”

முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது தாலி ஏறியது. செந்திலின் அம்மா அப்போதுதான் மூச்சு விட்டார்.

மாலையில் இறங்கும்போது, பெண்ணும் மாப்பிள்ளையும் டிப்போவில் வேனை நிறுத்தச் சொன்னார்கள். அந்த உயர வாசலில், பணியாளர்களை நடுவில் நிறுத்தி ஒரு குரூப் போட்டோ. எல்லார் கையிலும் லட்டு.

நேற்று அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தமிழரசியின் கண் மட்டும் கேமராவுக்கு மேலே... மலையில்!