தண்ணீர் லோரியும் உலக அழிவும்

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சுங்கை வேயில் எங்கள் பிளாட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் லோரி வந்ததும் இரண்டு வாளிகளோடு வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் மேல்மாடி மாலதி அக்கா. பள்ளி பஸ் ஓட்டுபவர். நான்கு வருடமாகப் படிக்கட்டில் பார்க்கிறோம், தலையாட்டுவதோடு சரி.

திடீரென்று திரும்பிச் சந்தோஷமாகச் சொன்னார்: "அப்படியே படம் மாதிரி இருக்கு லா! உலகம் அழிஞ்ச பிறகு எல்லாரும் இப்படித்தான் வாளியோட நிப்பாங்க."

உலகம் அழியும் படம் எது வந்தாலும் விடமாட்டாராம்.

"பயமா இல்லையாக்கா?"

"என்ன பயம்? அதுல யாரும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு பஸ் எடுக்கறதில்ல. ரோட்டுல ஜாம் இல்ல, ஹார்ன் அடிக்க ஆள் இல்ல. மிச்சம் இருக்கற பத்து பேரும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்குவாங்க. இங்க உன் பேரே எனக்குத் தெரியாது தம்பி."

எனக்கு வெட்கமாகிவிட்டது. "பிரகாஷ்" என்றேன்.

பின்னால் நின்ற சீன ஆன்டிக்கு அக்கா இதை மலாயில் விளக்கினார். அவரும் சிரித்தபடி தன் பெயரைச் சொன்னார். ஆன்டியின் வாளியை நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி மூன்றாம் மாடிவரை தூக்கினோம். பிரியும்போது அக்கா என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

மதியம் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே அக்காவின் மெசேஜ்: "சே, அதுக்குள்ள படம் முடிஞ்சிருச்சு!"

நாளைக் காலை ஒன்பது மணிக்கு எனக்கு மீட்டிங். உலகம் அழிந்தால் நான் முதலில் விடப்போவது அதைத்தான். நீங்கள் எதை விடுவீர்கள்?